பன்றிச் சிறுநீரகத்தை நம் உடம்பு ஏன் ஏற்பதில்லை? அம்மாவுக்காகக் கேட்கிறேன்

மேர்பேங்க் கலா

எல்லோருக்கும் வணக்கம். சர்க்கரையால் அம்மாவின் இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. டர்பனில் டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. வாரம் மூன்று நாள் விடிகாலையில் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுகிறேன். நானும் தம்பியும் ஆளுக்கொன்று கொடுக்கத் தயார் என்றுதான் போய் நின்றோம். தம்பிக்குச் சர்க்கரை தொடங்கிவிட்டதால் அவனை முதலிலேயே வேண்டாம் என்றுவிட்டார்கள். எனக்கு ரத்தப் பிரிவு பொருந்தியது, ஆனால் இருவர் ரத்தத்தையும் கலந்து பார்க்கும் கிராஸ்மேட்ச் சோதனை பாசிட்டிவ். "உங்கள் அம்மா உடம்பில் உங்களுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறது" என்றார்கள். அதற்கு மேல் விளக்கிச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. பெற்ற பிள்ளைக்கு எதிராக அம்மா உடம்பில் எப்படி அது வரும் என்று அன்றிலிருந்து மனசு அடித்துக்கொள்கிறது.

அமெரிக்காவில் பன்றிச் சிறுநீரகம் வைக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பெண் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அம்மா அதையே பிடித்துக்கொண்டார். "மனுசனுதே ஒத்துக்காதப்போ பன்னியோடது எப்படிம்மா ஒத்துக்கும்?" என்று என்னைக் கேட்கிறார். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டோங்காட் தாத்தா

கலாம்மா, அம்மா சீக்கிரம் தேற வேண்டும். மருத்துவம் படித்தவன் இல்லை நான், ஆனால் இந்தக் கதையில் நம் தென்னாப்பிரிக்காவுக்குப் பெரிய பங்கு உண்டு, அதைச் சொல்கிறேன். 1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுன் குரூட்டே ஸ்கூர் மருத்துவமனையில் கிறிஸ்டியான் பர்னார்ட், லூயிஸ் வாஷ்கான்ஸ்கி என்பவருக்கு மனித இதயம் மாற்றினார். ரேடியோவில் வேறு பேச்சே இல்லை. 18 நாளில் அவர் போய்விட்டார். இதயம் நன்றாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது, நுரையீரல் காய்ச்சல்தான் அவரைக் கொண்டுபோனது.

பலருக்குத் தெரியாத அடுத்த கதை 1977-இல் நடந்தது. அறுவை முடிந்தும் சொந்த இதயம் ஓடாமல் நின்ற ஒரு இளம்பெண்ணுக்கு, அதன் பக்கத்திலேயே துணை இதயமாக ஒரு பபூன் இதயத்தை பர்னார்ட் வைத்தார். சில மணி நேரம்தான். அதே வருடம் இன்னொருவருக்குச் சிம்பன்சி இதயம். நான்கு நாள் தாங்கியது. அதற்கு முன்பே, 1960-களில், அமெரிக்காவில் கீத் ரீம்ட்ஸ்மா சிம்பன்சி சிறுநீரகங்களை வைத்துப் பார்த்திருக்கிறார். அந்த நோயாளிகளில் ஒரு பெண் ஒன்பது மாதம் வாழ்ந்தார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கேப் டவுன் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் ஹாமில்டன் நாக்கி என்று ஒருவர் இருந்தார். தோட்ட வேலைக்கு வந்தவர். விலங்குகளில் உறுப்பு மாற்றும் கைவேலையைக் கற்று, படித்த டாக்டர்களுக்கே சொல்லிக்கொடுத்தார். கறுப்பர் என்பதால் அந்தக் காலத்தில் அவர் பெயரை வெளியே சொல்ல மாட்டார்கள். 2003-இல்தான் பல்கலைக்கழகம் கௌரவப் பட்டம் கொடுத்தது.

ஆய்வகத்தான்

கலா அக்கா, நான் திசுப் பொருத்தம் பார்க்கும் லேபில் வேலை பார்த்தவன். அம்மா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. முதலில் உங்கள் மனசு அடித்துக்கொள்ளும் விஷயத்தை முடித்துவிடுகிறேன்.

நம் செல்களின் மேல் எச்.எல்.ஏ. என்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதி அம்மாவிடமிருந்து வருகிறது, பாதி அப்பாவிடமிருந்து. நீங்கள் வயிற்றில் இருந்தபோதும், பிரசவத்தின்போதும், உங்களிடம் இருந்த அப்பாவின் பாதியை அம்மாவின் உடம்பு பார்த்துவிட்டது. அதற்கு எதிராக ஆன்டிபாடி, அதாவது அந்நியமானதைப் பிடித்துத் தாக்கும் புரதம், செய்து வைத்துக்கொண்டது. இது பிள்ளை பெற்ற தாய்மார் பலருக்கும் உண்டு. ரத்தம் ஏற்றியிருந்தால் இன்னும் கூடும். உங்கள் மேல் எந்தக் குறையும் இல்லை, அம்மா மேலும் இல்லை. உங்களைச் சுமந்ததன் தடம் அது, அவ்வளவுதான்.

சரி, பன்றிக்கு வருவோம். மனித உறுப்பின் எச்.எல்.ஏ.-க்கு எதிராக ஆன்டிபாடி இருக்க வேண்டுமென்றால் பிரசவமோ, ரத்தம் ஏற்றியதோ, முன்பு வைத்த உறுப்போ ஏதாவது ஒரு காரணம் வேண்டும். பன்றிக்கு எதிராக எந்தக் காரணமும் வேண்டாம், அம்மாவிடமும் இருக்கிறது, என்னிடமும் இருக்கிறது. பன்றி, மாடு, ஆடு, நாய் எல்லாவற்றின் செல்களிலும் ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைத் துணுக்கு கொடி கட்டினாற்போல் நீட்டிக்கொண்டிருக்கும். மனிதனுக்கும், மனிதக் குரங்குகளுக்கும், பபூன் மாதிரியான ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளுக்கும் அது கிடையாது. ஆனால் நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களிடம் அதே சர்க்கரை உண்டு. அதனால் கைக்குழந்தைப் பருவத்திலேயே அதற்கு எதிரான ஆன்டிபாடி சுரக்கத் தொடங்கி, வாழ்நாள் முழுக்க ரத்தத்தில் ஓடுகிறது. ரத்தத்தில் அதிகமாக இருக்கும் வகையான ஐ.ஜி.ஜி. ஆன்டிபாடிகளில் சுமார் 1 சதவீதம் இதற்கென்றே இருக்கிறது. யூரி கலிலி 1984-இல் கண்டுபிடித்தது இது.

சாதாரணப் பன்றியின் சிறுநீரகத்தை நேராக வைத்தால் என்ன ஆகும்? ரத்தக்குழாயைப் பிடித்திருக்கும் கிளாம்ப்பை எடுத்தவுடன் ரத்தம் பாய்ந்து உறுப்பு இளஞ்சிவப்பாகப் பூரிக்கும். கொஞ்ச நேரத்தில் அங்கங்கே திட்டுத்திட்டாக நீலம் தட்டும். பிறகு முழுவதும் கருநீலமாகி, கொழகொழத்து, வந்துகொண்டிருந்த சிறுநீரும் நின்றுபோகும். சில நிமிடம், மிஞ்சினால் சில மணி நேரம். ரத்தக்குழாயின் உள்சுவர் செல்களில் ஆன்டிபாடி போய் ஒட்டுகிறது. அது காம்ப்ளிமென்ட் என்ற புரதக் கூட்டத்தைத் தட்டி எழுப்புகிறது. அவை செல் சுவரில் ஓட்டை போடுகின்றன, ரத்தம் கசிகிறது, உள்ளேயே உறைகிறது. இதை அதிவேக நிராகரிப்பு என்பார்கள். இதற்கு எந்த மாத்திரையும் ஈடு கொடுக்காது. மாத்திரை தடுப்பது புதிதாக உருவாகும் எதிர்ப்பை, இது முன்பே தயாராக நிற்பது.

வெருலம் வேலு

அப்படியானால் ஏன் பன்றியையே பிடித்துத் தொங்குகிறார்கள்? பபூனுக்கு அந்தச் சர்க்கரை இல்லை என்று நீங்களே சொல்கிறீர்கள். நம் நாட்டில் பபூனுக்கும் பஞ்சமில்லை. நெருங்கிய இனம் என்றால் நிராகரிப்பும் குறையுமே.

ஆய்வகத்தான்

நல்ல கேள்வி அண்ணா. நிராகரிப்பு குறையும் என்பது உண்மைதான், சிம்பன்சி சிறுநீரகம் ஒன்பது மாதம் ஓடியது அதனால்தான். ஆனால் நெருக்கம் ஆபத்தையும் கொண்டுவருகிறது. எச்.ஐ.வி. மனிதனுக்கு வந்ததே குரங்கினத்து வைரஸிலிருந்துதான். அதன் வலி தென்னாப்பிரிக்காவுக்குத் தெரியாதா? அப்புறம் பபூனின் இதயமோ சிறுநீரகமோ பெரிய ஆளுக்குப் போதாது. ஈற்றுக்கு ஒரே குட்டி, வளர வருடக்கணக்கு. ரத்தப் பிரிவும் இடிக்கும், பபூன்களில் ஓ பிரிவு மிக மிக அரிது. 1984-இல் கலிபோர்னியாவில் பேபி ஃபே என்ற பச்சிளம் குழந்தைக்கு பபூன் இதயம் வைத்தார்கள். குழந்தை ஓ பிரிவு, பபூன் இதயமோ பொருந்தாத பிரிவு. மூன்று வாரம்தான் இருந்தது.

பன்றி ஈற்றுக்குப் பல குட்டி போடும், சீக்கிரம் வளரும், உறுப்பு நம் அளவுக்கு வரும். முக்கியமாக, அதன் மரபணுவைத் திருத்தலாம்.

அந்த வழியில் நடந்தது இதுதான். ஆல்ஃபா-கால் செய்யும் மரபணுவை முழுவதுமாக எடுத்த பன்றிகள் 2003-க்குள் வந்துவிட்டன. கருநீலமாகும் கூத்து பெரும்பாலும் நின்றது. எல்லோரும் ஓய்ந்தோம் என்று நினைத்த நேரத்தில் அடுத்த அடுக்கு தெரிந்தது. இன்னும் இரண்டு சர்க்கரைகள் இருந்தன, அவற்றுக்கும் நம்மிடம் ஆன்டிபாடி. அவற்றையும் எடுத்தார்கள். அப்புறம் காம்ப்ளிமென்ட். நம் செல்கள் சிடி46, சிடி55 என்ற புரதங்களை வைத்து அதை அடக்கிக்கொள்கின்றன. பன்றியின் அடக்கிகள் நம் காம்ப்ளிமென்ட்டிடம் அவ்வளவாக எடுபடாது, அதனால் மனித மரபணுவைப் பன்றிக்குள் சேர்த்தார்கள். ரத்தம் உறைவதிலும் இதே தகராறு. நம் ரத்தக்குழாய்ச் சுவரில் திராம்போமோடுலின் என்று ஒன்று இருந்து உறைவைக் கட்டுப்படுத்தும். பன்றியின் திராம்போமோடுலின் நம் ரத்தத்தோடு சரியாக வேலை செய்யாது. யாரும் தாக்காதபோதும் உள்ளே நுண்ணிய ரத்தக்கட்டிகள் சேரும். அதற்கும் மனித மரபணு. இதெல்லாம் தாண்டினால் எதிர்ப்பை நடத்தும் வெள்ளணுக்களான டி செல்கள், பி செல்கள். அவற்றுக்கு வழக்கமான நிராகரிப்புத் தடுப்பு மருந்தான டேக்ரோலிமஸ் மட்டும் போதுவதில்லை. அந்தச் செல்களைத் தூண்டிவிடும் சிடி40 என்ற பாதையை அடைக்கும் மருந்தும் சேர்ந்தபோதுதான் உண்மையான முன்னேற்றம் வந்தது.

இதையெல்லாம் சோதித்தது பபூனில்தான் வேலு அண்ணா. ஆல்ஃபா-கால் விஷயத்தில் அது மனிதனைப் போலவே இருக்கிறதே. மியூனிக் குழு 2018-இல் பன்றி இதயத்தோடு ஒரு பபூனை 195 நாள் உயிரோடு வைத்துக் காட்டியது. கேப் டவுனில் பர்னார்டுடன் வேலை செய்த டேவிட் கூப்பர் பிறகு அமெரிக்கா போய் இந்தப் பன்றி ஆராய்ச்சியிலேயே தன் வாழ்நாளைச் செலவழித்தார். தாத்தா சொன்ன கதைக்கும் இன்றைய செய்திக்கும் நடுவில் அப்படி ஒரு நேர் கோடு ஓடுகிறது.

ஃபீனிக்ஸ் தம்பி

எங்கள் மாமாவுக்கு இதயத்தில் பன்றி வால்வு வைத்திருக்கிறார்கள். வருடக்கணக்காக நன்றாக இருக்கிறார், நிராகரிப்பு மாத்திரை எதுவும் கிடையாது. வால்வு ஒத்துக்கொள்ளும்போது சிறுநீரகம் ஏன் ஒத்துக்கொள்ளாது?

ஆய்வகத்தான்

வால்வு உயிருள்ள உறுப்பு இல்லை தம்பி. குளூட்டரால்டிஹைடு என்ற ரசாயனத்தில் ஊறவைத்துச் செல்களைக் கொன்று, புரதங்களை இறுக்கிவிடுகிறார்கள். தோல் பதனிடுவதிலும் அதே ரசாயனம் உண்டு. அதனால் எதிர்ப்பு மிகவும் குறைகிறது. ஆனாலும் முழுதாக இல்லாமல் போவதில்லை, இளம் வயதினருக்கு அந்த வால்வு சீக்கிரம் சுண்ணாம்பு கட்டிக் கெடுவதற்கு அதுவும் ஒரு காரணம். சிறுநீரகத்தை அப்படிப் பதப்படுத்த முடியாது, அது உயிரோடு ரத்தத்தை வடிகட்ட வேண்டும்.

ஆல்ஃபா-கால் பற்றி நம் ஊர்ச் செய்தி ஒன்று. உண்ணி கடித்த சிலருக்கு இந்தச் சர்க்கரைக்கு எதிராக வேறு வகை ஆன்டிபாடி வந்து, ஆட்டுக்கறி, மாட்டுக்கறி சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துத் தடிப்பும் வயிற்றுவலியும் வரும். ஈஸ்டர்ன் கேப் கிராமங்களில் இதை ஆராய்ந்திருக்கிறார்கள். உறுப்பை நிராகரிக்க வைக்கும் அதே சர்க்கரைதான்.

ரீனல் சிஸ்டர்

கலா, நான் டயாலிசிஸ் யூனிட்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். லேபில் இருப்பவர் சொன்னது எல்லாம் சரி. கட்டில் பக்கத்திலிருந்து பார்த்ததை நான் சொல்கிறேன். நிராகரிப்பை மட்டும் தனியாகப் பேசக்கூடாது. அதை அடக்க மருந்தைக் கூட்டினால் தொற்று வரும். தொற்றுக்காக மருந்தைக் குறைத்தால் நிராகரிப்பு வரும். வாஷ்கான்ஸ்கியை நுரையீரல் காய்ச்சல் கொண்டுபோனது எதிர்ப்புச் சக்தியை அந்த அளவு அடக்கியிருந்ததால்தான். மனித உறுப்புக்கே இந்தப் பாடு. பன்றி உறுப்புக்கு இன்னும் அதிகமாக அடக்க வேண்டியிருக்கிறது.

சமீபத்திய நோயாளிகளைப் பாருங்கள். 2022 ஜனவரியில் மேரிலாந்தில் டேவிட் பென்னட்டுக்குப் பத்து மரபணு திருத்திய பன்றி இதயம் வைத்தார்கள். இரண்டு மாதம் இருந்தார். அந்த இதயத்திலேயே பன்றிகளுக்கு வரும் சைட்டோமெகலோ வைரஸ் ஒளிந்து வந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. 2024 மார்ச்சில் பாஸ்டனில் ரிக் ஸ்லேமேனுக்குச் சிறுநீரகம் வைத்தார்கள். எட்டாவது நாளே டி செல் நிராகரிப்பு தொடங்கியது, ஸ்டீராய்டு கொடுத்து அடக்கிவிட்டார்கள். சுமார் இரண்டு மாதத்தில் இறந்தார், ஆனால் சிறுநீரகத்தால் இல்லை, அவருக்கு முன்பே இதய நோய் இருந்தது. 2024 நவம்பரில் நியூயார்க்கில் டோவானா லூனி. அவர் வீட்டுக்கே போய் நடமாடினார். 130 நாள் ஓடியது. வேறொரு தொற்றுக்காக மருந்தைக் குறைத்தார்கள், நிராகரிப்பு வந்தது, எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்து டயாலிசிஸுக்குத் திரும்பினார். அதற்குப் பிறகு டிம் ஆண்ட்ரூஸ் என்பவருக்கு 271 நாள் ஓடியது.

இந்த எண்களைப் பார்த்து நம்பிக்கை இழக்க வேண்டாம், துள்ளவும் வேண்டாம். 1967-இல் 18 நாள். அடுத்த மாதமே அதே மருத்துவமனையில் பிலிப் பிளைபர்குக்கு வைத்த இதயம் ஒன்றரை வருடத்துக்கு மேல் ஓடியது. இன்று மனித இதயம் மாற்றியவர்கள் பேரப்பிள்ளை கல்யாணம் பார்க்கிறார்கள்.

வெருலம் வேலு

ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டில் புரட்டாசி முழுக்கக் கவிச்சி கிடையாது, மாடும் பன்றியும் எந்த மாதமும் கிடையாது. சாப்பிடாத பிராணியை உடம்புக்குள் வைத்துக்கொண்டு எப்படிக் கோயிலுக்குப் போவது என்று என் அம்மாவே கேட்பார். அதைவிட எனக்கு உறுத்துவது வேறு. அந்தப் பன்றி கிருமி வரக்கூடாது என்று மூடிய கட்டடத்துக்குள் பிறந்து, மண்ணையே மிதிக்காமல் அங்கேயே சாகிறது. ஒரு உயிருக்கு இன்னொரு உயிர் என்ற கணக்கை யார் போடுவது?

டோங்காட் தாத்தா

வேலு, இந்தக் கேள்வி பர்னார்டையே உறுத்தியது. ஹாலந்திலிருந்து வாங்கிய இரண்டு சிம்பன்சிகள் பக்கத்துப் பக்கத்துக் கூண்டில் மாதக்கணக்கில் இருந்தன. ஒன்றை இதயத்துக்காகக் கொண்டுபோனபோது மற்றது தேறாமல் நாள்கணக்கில் அழுதது என்று அவரே எழுதியிருக்கிறார். அப்படிப்பட்ட பிராணிகளை இனித் தொடுவதில்லை என்று முடிவு செய்தார்.

கோயில் விஷயத்தில் என் கருத்து இது. டயாலிசிஸ் மெஷினில் ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெபரின் பன்றிக் குடலிலிருந்து எடுப்பது. அந்தக் காலத்து இன்சுலினும் மாடு, பன்றியிலிருந்து வந்ததுதான். என் மனைவி அதைப் போட்டுக்கொண்டுதான் காவடிக்கு விரதம் இருந்தாள். முருகன் அவளைத் திருப்பி அனுப்பவில்லை.

வெருலம் வேலு

தாத்தா, ஹெபரின் விஷயம் எனக்குத் தெரியாது. அம்மாவிடம் சொல்கிறேன். பன்றியின் வாழ்க்கையைப் பற்றிய என் உறுத்தல் அப்படியேதான் இருக்கிறது.

மேர்பேங்க் கலா

எல்லோருக்கும் நன்றி. ஆய்வகத்தான் தம்பி எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். "உன்னைச் சுமந்த தடமா இது" என்று கேட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். ஒரே ஒரு கேள்வி பாக்கி. அம்மாவுக்கு மனித உறுப்புக்கு எதிராக இவ்வளவு ஆன்டிபாடி இருக்கிறதே, பன்றிச் சிறுநீரகத்துக்கும் அதே ஆன்டிபாடி பாயுமா? இல்லை, பன்றி வேறு இனம் என்பதால் தப்பிக்குமா?

ஆய்வகத்தான்

அக்கா, இந்தத் துறையில் இப்போது எல்லோரும் கேட்கும் கேள்வி அது. பன்றிக்கும் எச்.எல்.ஏ. போல எஸ்.எல்.ஏ. என்று உண்டு. இரண்டும் ஒரே வம்சம், அதனால் சில இடங்களில் முகம் ஒத்திருக்கும். எச்.எல்.ஏ.-க்கு எதிரான ஆன்டிபாடிகளில் பெரும்பாலானவை பன்றியைக் கண்டுகொள்வதில்லை. ஆனால் சிலருடையது குறுக்கே பாயும். பாயுமா என்பதை அந்தந்த நோயாளியின் ரத்தத்தைப் பன்றிச் செல்லோடு கலந்து பார்த்துத்தான் சொல்ல முடியும், மனிதக் கிராஸ்மேட்ச் போலவே. டோவானா லூனியும் அம்மாவைப் போன்ற நோயாளிதான். 1999-இல் தன் தாய்க்கே ஒரு சிறுநீரகம் கொடுத்தவர். பிறகு தனக்கு வேண்டியபோது ஆன்டிபாடி மிக அதிகமாக இருந்ததால் எட்டு வருடம் மனிதச் சிறுநீரகம் பொருந்தவில்லை. ஆக, அம்மா போன்றவர்களுக்கு இந்த வழி அடைபட்டதில்லை. சொல்லப்போனால் அவர்களுக்குத்தான் இது அதிகம் தேவை.

ஆனால் எப்போது? அமெரிக்காவில் 2025-இல்தான் முறையான மருத்துவச் சோதனைக்கு அனுமதி கிடைத்தது, அதுவும் கொஞ்சம் பேருக்கு. டர்பனில் இருக்கும் அம்மா இதை நம்பிக் காத்திருப்பதை நான் சொல்ல மாட்டேன். இப்போது கேட்க வேண்டியது வேறு. அம்மாவின் ஆன்டிபாடி எத்தனை சதவீதம், எந்தெந்த எச்.எல்.ஏ.-க்கு எதிரானது என்று எழுதி வாங்குங்கள். இறந்தவர் உறுப்புக்கான பட்டியலில் பெயர் இருக்கிறதா, ரத்த மாதிரி ஒழுங்காகப் புதுப்பிக்கப்படுகிறதா என்று பாருங்கள். உங்களுக்கு எதிரான ஆன்டிபாடி குறைவான அளவில் இருந்தால், அதை வடிகட்டிக் குறைத்துச் சிறுநீரகம் மாற்றுவது சாத்தியமா என்றும் கேளுங்கள். அம்மாவின் கூடப்பிறந்தவர்களை மறக்க வேண்டாம். அப்பா வழி எச்.எல்.ஏ. அவர்களிடம் பெரும்பாலும் இருக்காது, அதனால் உங்களுக்குப் பொருந்தாத இடத்தில் சித்தியோ மாமாவோ பொருந்தலாம். உறவில்லாதவர் கொடுக்க வந்தால் நம் நாட்டில் சுகாதார அமைச்சரின் எழுத்துமூல அனுமதி வேண்டும், அதற்கு நாளாகும், முன்கூட்டியே தொடங்குங்கள்.

ரீனல் சிஸ்டர்

கலா, இதையும் குறித்துக்கொள். அம்மாவுக்கு ரத்தம் குறைந்தால் உடனே ரத்தம் ஏற்றச் சம்மதிக்காதே. ரத்தம் ஊற வைக்கும் எரித்ரோபொய்ட்டின் ஊசியும் இரும்புச்சத்தும் வைத்துச் சமாளிக்க முடியுமா என்று முதலில் கேள். உயிருக்கு ஆபத்து என்றால் ஏற்றத்தான் வேண்டும், அப்போது வெள்ளணு நீக்கிய ரத்தம் கேள். ஏற்றிய தேதியை உறுப்பு மாற்று யூனிட்டுக்குக் கட்டாயம் சொல்லு. ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் புது ஆன்டிபாடி வரலாம். பழைய மாதிரியை வைத்துக் கிராஸ்மேட்ச் பார்த்தால் அது தெரியாமல் போய்விடும். அம்மாவின் சித்தி, மாமா பிள்ளைகள் யாராவது பரிசோதனைக்கு வரத் தயங்கினால் என்னை அழைத்துக்கொண்டு போ, நான் வந்து பேசுகிறேன்.

மேர்பேங்க் கலா

அக்கா, ஸ்டாங்கரில் இருக்கும் சின்ன மாமாவுக்கு இப்போதே போன் போடுகிறேன். அவருக்குச் சர்க்கரை இல்லை, அம்மாவைவிட எட்டு வயது சின்னவர். சம்மதித்தால் ஞாயிற்றுக்கிழமை நாம் இரண்டு பேரும் போகலாமா?

ரீனல் சிஸ்டர்

போகலாம். மதியத்துக்கு மேல் வா. மாமாவின் பிரஷர் மாத்திரை விவரம் ஏதாவது இருந்தால் எழுதி எடுத்து வைக்கச் சொல்லு.